வருத்தமில்லாத இலை

என் தங்கச்சிக்கு நான் ஊரிலிருந்து முதலில் அனுப்பியவையெல்லாம் வருத்தம் பிடித்த, நோய் கண்ட இலைகள்தான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற மற்ற வீடுகளிலிருந்து பனங்கட்டி போகும், கருவாடு போகும், பழப்புளி போகும். நான் சுருண்டு மஞ்சளித்துப்போன மிளகாய் இலையை நசுக்கி, அதன் சாற்றைத் தடித்த கடதாசி அட்டையில் அப்பி, நிழலில் காயவைத்து, உறையிலிட்டு அனுப்பினேன். அவள்தான் அப்படிக் கேட்டாள்.

நான் விவசாயப் போதனாசிரியர். வீடு இரணைமடு வாய்க்காலை அண்டிய குடியேற்றத்தில். வேலை வவுனியா வடக்கில். காலையில் ஏ9 வீதியால் பஸ்ஸில் போய்ப் புளியங்குளத்தில் இறங்கி, அங்கே விட்டிருக்கும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்குப் போவேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து இங்கே வந்தவர். அவர் இப்போது இல்லை. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

தங்கச்சி போகும்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சண்டை முடிந்து, முகாமிலிருந்து எங்களைக் கொண்டுவந்து தகரக் கொட்டிலில் இறக்கிவிட்ட காலம். வயது வந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க எல்லாத் தாய்தகப்பனும் பயந்தார்கள். அப்பா ஆரையோ பிடித்து, எதையோ விற்று, அவளை அனுப்பினார். பல நாடு சுற்றிக் கடைசியில் ஜேர்மனியில் போய் நின்றாள். அங்கே அவளுடைய முதல் வழக்கை ஏற்கவில்லை. திரும்ப முறையிட்டு, இழுபட்டு, அகதி என்று ஒத்துக்கொள்ளவே பல வருசம் போயிற்று. அதற்கிடையில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவப் போனவள், அங்கேயே படித்துத் தொழில்நுட்ப வேலைக்கு ஏறிவிட்டாள். தாவரங்களுக்கு வரும் வைரஸ்களைக் கண்டுபிடிக்கிற ஆய்வுகூடம் அது.

அவளிடம் ஒரு பயணப் பத்திரம் இருந்தது. ஒருமுறை போனில் அதைத் திறந்து காட்டினாள். எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கையைத் தவிர என்று அதில் அச்சடித்திருந்தது.

"பாத்தீங்களோ அக்கா, உலகத்தில எனக்கு ஒரேயொரு இடத்துக்குத்தான் போகேலாது," என்று சிரித்தாள். அம்மா பக்கத்தில் இருந்தபடியால் நானும் சிரித்தேன்.

எங்கள் பகுதியில் மிளகாய்க்கு இலைச்சுருள் வருவது புதிதில்லை. அதன் கரைச்சல் என்னவென்றால் இலை இரண்டு காரணத்தால் சுருளும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னப் பேன்கள் சாற்றை உறிஞ்சினாலும் சுருளும். வெண்ணீ என்ற சின்ன வெள்ளை ஈ கொண்டுவந்து ஏற்றும் வைரசாலும் சுருளும். பேன் என்றால் மருந்தடித்து மீட்கலாம். வைரஸ் என்றால் எந்த மருந்தும் இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கி அழித்தால்தான் பக்கத்துச் செடி தப்பும். தொடக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

நெடுங்கேணிக்குப் போகும் பாதையில் ஒரு அண்ணை கிணற்றுத் தண்ணீரில் மிளகாய் செய்கிறார். ஒரு போகத்தில் அவருடைய தோட்டத்தில் சுருள் தொடங்கியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மிஸ், இது பேனோ வைரசோ? ஒண்டைச் சொல்லுங்கோ. பேன் எண்டால் மருந்தடிக்கிறன். வைரஸ் எண்டால் புடுங்கிறன். நடுவில நிண்டு என்னால ஏலாது."

எனக்கும் சொல்ல ஏலவில்லை. இலைகளைப் பிடுங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் தெற்கே இருக்கிற பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். வைரஸ் என்று முடிவு வந்தபோது தோட்டம் முழுவதும் சுருண்டு முடிந்து, அண்ணை அந்த நிலத்தை உழுது பயறு விதைத்திருந்தார். நான் போய்ச் சொன்னதும் பயற்றங் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு, "ஓம் மிஸ், எனக்கும் இப்ப விளங்கிட்டுது," என்றார். கோபம் இருக்கவில்லை அவருக்கு. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியோடு கதைக்கும்போது இதைச் சொன்னேன். வழமையாக எங்கள் கதை சாப்பாடு, அம்மாவின் முழங்கால், ஜேர்மனிக் குளிர் என்று சுற்றிவரும். சொல்ல வேண்டியதெல்லாம் முதல் சில வருசங்களிலேயே சொல்லி முடித்துவிட்டோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்பதற்காகத்தான் போன் எடுத்தோம். அன்றைக்கு மட்டும் அவள் நிமிர்ந்து இருந்தாள்.

"இலை கையில இருக்கோ அக்கா?"

பையில் வாடிப்போய் ஒன்று கிடந்தது. போனுக்கு முன்னால் பிடித்தேன்.

"திருப்பிக் காட்டுங்கோ. அடிப்பக்கம். நரம்பு தடிச்சிருக்கோ? இன்னும் கிட்டப் பிடியுங்கோ."

திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவள் முகம் திரை முழுக்க வந்துவிட்டது. தகரக் கொட்டிலில் மண்ணெண்ணெய் விளக்குக்குக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு படித்த பிள்ளை நினைவுக்கு வந்தது.

"அக்கா, இதைத் தோட்டத்திலேயே வைச்சுச் சொல்லலாம். நாங்கள் இங்க தக்காளிக்குச் செய்யிறம். ஒரு மணித்தியாலம் காணும்."

"பெட்டி பெட்டியா மெசின் வேணுமே?"

"இல்லை. சின்னக் குழாயும் சுடுதண்ணிப் போத்தலும் ஒரு கடதாசித் துண்டும். மரபணுவை வெட்டித் திருத்திறதெண்டு கேள்விப்பட்டிருப்பீங்களே, அதுக்குப் பாவிக்கிற கத்திரிக்கோல்தான். நாங்கள் அதைத் திருத்திறதுக்குப் பாவிக்கிறேல்லை. தேடுறதுக்குப் பாவிக்கிறம். வைரசிட விலாசத்தை எழுதி அதிட கையில குடுத்துவிடுவம். அது இலைச்சாறெல்லாம் தேடித் திரியும். தன்ர ஆளைக் காணுமட்டும் வாய் திறக்காது. கண்டிட்டால் வெட்டத் துவங்கும். பேந்து நிப்பாட்டத் தெரியாது. கிட்ட இருக்கிற எல்லாத்தையும் வெட்டும். நாங்கள் வேணுமெண்டு பக்கத்தில கொஞ்ச நூல் மாதிரிப் போட்டு வைப்பம். கடதாசியில முதல் கோடு எப்பவும் விழும். அந்த நூல் அறுந்தால்தான் ரெண்டாவது கோடு விழும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். ஆனா எங்கட மிளகாயிட வைரசுக்கு விலாசம் இன்னும் ஒருத்தரும் எழுதேல்லை. அதை நான் எழுதலாம்."

எங்கட மிளகாய் என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். அம்மாவும் கவனித்தார். குசினிக்குள் எழும்பிப் போய்விட்டார்.

அவளுடைய மேலதிகாரி ஒத்துக்கொண்டார். இங்கே ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்தது. அனுமதிகள் கிடைக்கப் பல மாதம் எடுத்தது. உயிருள்ள இலை நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்பதால்தான் சாற்றை அட்டையில் அப்பி அனுப்பும் ஏற்பாடு. நான் ஒவ்வொரு தோட்டமாகப் போய்ச் சுருண்ட இலை சேர்த்தேன். கனகராயன்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுக்குப் போகிற வழியில் மணல் நிலத்தில் செய்கிறவர்கள் என்று எல்லா இடமும். அட்டையின் மூலையில் இடத்தின் பெயரைப் பென்சிலால் எழுதுவேன். அட்டைகள் போய்ச் சேர்ந்ததும் அவள் போன் எடுத்து வைரசைப் பற்றிக் கதைப்பாள் என்று பார்த்தால், இடங்களைப் பற்றிக் கேட்பாள்.

"ஒட்டுசுட்டான் அட்டையில கொஞ்சம் மண் ஒட்டியிருக்கு அக்கா. செம்மண். தட்டிப் போட மனம் வரேல்லை."

ஒருநாள் வேறு ஒன்று கேட்டாள்.

"அக்கா, எனக்கு நல்ல இலை வேணும். வருத்தமில்லாத செடியிட இலை. அதில ரெண்டாவது கோடு விழக்கூடாது. விழுந்தால் எங்கட பரிசோதனையே பிழை எண்டு அர்த்தம்."

நல்ல இலைக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். பச்சைப் பசேலென்று நின்ற செடிகளில் பார்த்துப் பார்த்துப் பிடுங்கி அனுப்பினேன். சில கிழமைக்குப் பிறகு அவள் சோர்ந்துபோய்க் கதைத்தாள்.

"நீங்கள் அனுப்பின நல்ல இலையும் நல்லதில்லை அக்கா. கனக்க இலையில ரெண்டாவது கோடு விழுந்திட்டுது. முதல்ல எங்கடதான் பிழையாக்கும் எண்டு பயந்தன். வேற முறையிலயும் செய்து பாத்திட்டம். வைரஸ் இருக்கு. செடி இன்னும் வெளியில காட்டேல்லை, அவ்வளவுதான்."

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. வருசக்கணக்காக நான் தோட்டங்களில் நின்று, இது நல்ல செடி, இதை விடுங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தவர். அடுத்த நாள் அலுமாரியைத் திறந்து, மீள்குடியேறிய காலத்தில் கிடைத்த, படுக்கைக்கு மேல் கட்டும் நுளம்புவலை ஒன்றை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. கிணற்றடியில் நாலு தடி நட்டு, வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, ஓரமெல்லாம் மண் போட்டு மூடினார். உள்ளே வாளிகளில் மிளகாய் விதை போட்டார்.

"என்னம்மா இது?"

"ஈ வந்துதானே வருத்தத்தைக் குடுக்குது எண்டனீ. ஈ வராமல் வளத்தால் நல்ல இலை வரும்தானே?"

நாங்கள் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறைதான் அது. எங்கள் வளவில் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா காலையும் பின்னேரமும் வலைக்குள் கையை மட்டும் விட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அப்படிக் கைவிடும்போது ஈ புகுந்துவிடும் என்று மற்றக் கையால் வலையை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். கன்றுகள் வளர்ந்து வலையில் முட்டத் தொடங்கிய பிறகு அவரே இலையைத் தெரிந்தெடுத்துப் பிடுங்கினார். அட்டையில் அப்புவதை மட்டும் நான் செய்தேன். அட்டையின் மூலையில் வீடு என்று எழுதினேன்.

அந்த அட்டையின் சாற்றுக்கு இரண்டாவது கோடு விழவில்லை. தங்கச்சி கடதாசித் துண்டைப் போனில் காட்டினாள். ஒரேயொரு கோடு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நல்லதோ?"

"ஓம் அம்மா. இதுதான் நல்லது."

"அப்ப இன்னும் அனுப்பவோ?"

"ஓம்," என்றாள் அவள். தேவை முடிந்துவிட்டதென்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அதற்கடுத்த வருசம் பரிசோதனையை இங்கே தோட்டத்தில் வைத்துச் செய்து பார்க்க அங்கிருந்து ஒருவர் வருவதாக முடிவாயிற்று. அம்மாவிடம் அந்தச் செய்தியைச் சொன்ன விதத்தை நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அம்மா குசினியில் அரிசி களைந்துகொண்டு இருந்தார்.

"அம்மா, தை மாசம் அங்கயிருந்து ஆள் வருது," என்றேன்.

அம்மா சட்டியை வைத்துவிட்டு எழும்பினார். கையில் தண்ணீர் வடிந்தது. அவர் கேட்க முதலே நான் அவசரமாகச் சொன்னேன்: "அவள் இல்லையம்மா. அவளோட வேலை செய்யிறவா. ஜேர்மன்காரி."

அம்மா ஈரக் கையைச் சீலையில் துடைத்தார். பிறகு திரும்பக் குந்தி, சட்டியை எடுத்தார்.

"அவா உறைப்புச் சாப்பிடுவாவோ?" என்று கேட்டார்.

வந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். உயரமான பெண். வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. தங்கச்சியும் அவரும் ஒரே மேசையில் எதிரெதிராக இருந்து வேலை செய்கிறவர்கள். தோட்டத்துக்குப் போவதற்கு முதல்நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். அம்மா இடியப்பமும் சொதியும் உறைப்புக் குறைத்து ஒரு கறியும் வைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தார். அம்மா தமிழில் கேட்க, நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல, அவர் பதில் சொல்ல, அதைத் திரும்ப நான் தமிழாக்கினேன்.

"அவள் மத்தியானத்தில என்ன சாப்பிடுறவள் எண்டு கேள்."

பெட்டியில் பாணோ சோறோ கொண்டுவருவாள், யன்னலடியில் நின்றுகொண்டு சாப்பிடுவாள் என்றார் அந்தப் பெண்.

"ஏன் நிண்டு? கதிரை இல்லையோ?"

கதிரை இருக்கிறது. மாரி காலத்தில் மத்தியானம் கொஞ்ச நேரம்தான் அந்த யன்னலில் வெயில் விழும். அதில் போய் நிற்பாள்.

அம்மா கையிலிருந்த அகப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "சிரிக்கிறவளோ?" என்று கேட்டார்.

"சத்தமாகச் சிரிப்பாள். பக்கத்து அறைக்குக் கேட்கும். நாங்கள் கதவைச் சாத்துவோம்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணே சிரித்தார்.

"இங்கயும் அப்பிடித்தான்," என்றார் அம்மா. "நான்தான் பேசுறனான், மெல்லச் சிரி எண்டு." இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. அம்மா எழும்பி அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் இடியப்பம் வைத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டியும் வைத்தார். வெளிக்கிடும்போது அவருடைய கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன தேடினாரோ தெரியாது.

அடுத்தநாள், மிளகாய் அழிந்து பயறு விதைத்த அந்த அண்ணையின் தோட்டத்தில்தான் பரிசோதனை. அவர் திரும்பவும் மிளகாய் நட்டிருந்தார். கிணற்றடி வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மேசையும் பிளாஸ்டிக் கதிரைகளும் போட்டு வைத்திருந்தார். தலைகுளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி நின்றார்.

"மிஸ், செடியை நான்தான் தெரிஞ்செடுப்பன்," என்றார்.

"நீங்கள்தான் தெரிஞ்செடுக்கவேணும்," என்றேன்.

அவர் நன்றாகச் சுருண்ட செடி ஒன்றிலிருந்து ஒரு இலை கொண்டுவந்தார். பிறகு மேற்கு எல்லையில், பக்கத்துக் காணிக்காரர் கைவிட்ட கத்தரித் தோட்டத்துக்குக் கிட்ட நின்ற ஒரு செழிப்பான செடியிலிருந்து இன்னொன்று. அது தளதளவென்று இருந்தது. எங்களைச் சோதிக்கிறார் என்று விளங்கியது.

அந்தப் பெண் இலையில் சின்னத் துண்டை நுள்ளி, குழாய்க்குள் போட்டு, தடியால் நசித்தார். ஒரு துளியை இன்னொரு குழாய்க்கு மாற்றினார். அந்தக் குழாயின் அடியில் உப்புத்தூள் மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தங்கச்சி விலாசம் எழுதிக்கொடுத்த கத்திரிக்கோல் அதற்குள்தான் காய்ந்துபோய்க் கிடந்தது. குழாய்களைச் சுடுதண்ணிப் போத்தலுக்குள் மிதக்கவிட்டு மூடினோம். கைச்சூட்டைவிடக் கொஞ்சம் கூடின சூடு. அது ஊறும்வரை அண்ணையின் மனைவி தேத்தண்ணி தந்தார்.

அந்த நேரத்தில் தங்கச்சி போன் எடுத்தாள். அந்த இடத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி நின்றால் முகம் தெரியும் என்று அண்ணை சொன்னார். ஏறி நின்றேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். தடித்த மேலங்கியோடு ஆய்வுகூடத்துக்கு வெளியே நின்றாள். குளிரில் வாயிலிருந்து புகை வந்தது.

"போட்டாச்சோ?"

"போட்டாச்சு. பாத்துக்கொண்டு இருக்கிறம்."

"தண்ணி கூடச் சூடாகக்கூடாது அக்கா."

"உன்ர சிநேகிதி பாக்கிறா. நீ பயப்பிடாத."

நேரமானதும் அந்தப் பெண் கடதாசித் துண்டுகளைக் குழாய்களுக்குள் இறக்கினார். நாங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றிக் குனிந்தோம். ஈரம் மெதுவாக மேலே ஏறியது. சுருண்ட இலையின் துண்டில் ஒரு கோடு வந்து அப்படியே நின்றது. தளதளவென்று இருந்த இலையின் துண்டில் ஒரு கோடு வந்தது, அதற்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று எழும்பி, பார்த்துக்கொண்டு இருக்கவே கடுஞ்சிவப்பாயிற்று.

அண்ணை என்னைப் பார்த்தார். "மாறிப்போச்சு மிஸ்."

"மாறேல்லை அண்ணை. சுருண்டது பேனால. அதுக்கு மருந்தடிச்சால் தெளியும். நல்லா நிக்கிறதுக்குள்ளதான் வைரஸ் இருக்கு."

அவர் நம்பவில்லை. எல்லைக்குப் போய் வேறு செடிகளில் இலை பிடுங்கி வந்தார். நடுத்தோட்டத்திலிருந்தும் கொண்டுவந்தார். திரும்பவும் செய்தோம். எல்லை வரிசைகளின் இலைகளில்தான் இரண்டு கோடு விழுந்தது. நடுத்தோட்டத்து இலைகளில் ஒன்றுதான். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு கத்தரித் தோட்டப் பக்கம் பார்த்தார். அங்கேதான் வெண்ணீ மண்டிக் கிடந்தது.

நான் திரும்ப உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, கடதாசித் துண்டுகளைத் தங்கச்சிக்குக் காட்டினேன்.

"வேலை செய்திருக்கு," என்றேன். "வடிவாத் தெரியுது. பார்."

அவள் தலையைச் சாய்த்தபடி அசையாமல் நின்றாள். படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"கேக்குதோ?"

"கேக்குது," என்றாள். "அக்கா, பின்னால என்ன சத்தம்?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பற்றைக்குள் மயில் கத்தியது. நாங்கள் அதைக் கேட்பதையே விட்டுவிட்டோம். பயிரை அழிக்கிறதென்று திட்டுவதற்கு மட்டும்தான் எங்களுக்கு மயிலின் நினைவு வரும்.

"மயில்."

"கொஞ்சம் அந்தப் பக்கம் பிடியுங்கோ."

கடதாசித் துண்டுகளை மற்றக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பற்றைப் பக்கம் நீட்டினேன். மயில் அதன்பிறகு கத்தவில்லை. கை உளையும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் வைக்கவில்லை. கீழே நின்ற அண்ணை என்னவென்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். இறங்கியதும், "ஆர் மிஸ் அது?" என்றார்.

"என்ர தங்கச்சி. இதைக் கன பேர் சேர்ந்துதான் செய்தவை. எங்கட மிளகாய்க்கு எண்டு மாத்தினது அவள்."

"அப்ப ஏன் அவா வரேல்லை?"

"அவளுக்கு வரேலாது அண்ணை."

"ஓம்," என்றார். ஏன் என்று கேட்கவில்லை. இங்கே ஆரும் கேட்பதில்லை.

அவர் எல்லை வரிசைகளை அன்று பிடுங்கவில்லை. காய்க்கத் தொடங்கிய செடிகள். அடுத்த கிழமை நான் போனபோது மனைவியும் அவருமாகப் பிடுங்கிப் புதைத்திருந்தார்கள். "கண்ணை மூடிக்கொண்டு இழுத்தனான் மிஸ்," என்றார். கத்தரிப் பக்கம் மறைப்பாகச் சோளம் விதைத்தார். பிறகும் அங்கொன்று இங்கொன்றாகச் சுருண்டது, அவற்றையும் பிடுங்கினார். தோட்டத்தின் பெரும்பகுதி தப்பியது. முழுவதும் தப்பியது என்று சொல்லமாட்டேன். அவரும் அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. "பொய் சொல்லேல்லை உங்கட கடதாசி," என்பதுதான் அவர் சொன்னது. பழம் பிடுங்கிக் காயவைத்த காலத்தில் ஒரு பை நிறையச் செத்தல் மிளகாய் தந்தார். "அவாவுக்கு அனுப்புங்கோ."

அம்மா அதை மல்லியோடு வறுத்து இடித்துத் தூளாக்கினார். ஜேர்மனிக்குப் போகும் ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டோம். கிடைத்த அன்றைக்கு அவள் எடுத்தாள். பையை அவிழ்த்து மணந்து பார்த்து, தும்மி, சிரித்து, திரும்ப மணந்தாள். சமைத்தாளோ என்று சில கிழமைக்குப் பிறகு அம்மா கேட்டார். இன்னும் இல்லை என்றாள். ஏன் என்றதற்கு, முடிந்துவிடும் என்றாள்.

இப்போது நான் வேலை செய்யும் புளியங்குளத்துக் கந்தோரில், அவள் அங்கிருந்து நிரப்பி அனுப்பும் அந்தக் குழாய்கள் ஒரு பெட்டியில் இருக்கின்றன. எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. நான் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் செய்துகாட்டுகிறேன். குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அடியில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தூளைப் பார்ப்பேன். அவளுடைய கை பட்ட சாமான் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

இந்த வருசம் அவளுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. புதிய கடவுச்சீட்டில் எந்த நாட்டையும் தவிர்த்து எழுதவில்லை என்று பக்கம் பக்கமாகக் காட்டினாள். அம்மா அழுதார். எப்ப வாறாய் என்று நான் கேட்டேன். பாப்பம் என்றாள். அடுத்த கிழமையும் பாப்பம் என்றாள். வேலை என்றாள், லீவு என்றாள். அம்மா படுக்கப்போன ஒரு நாள் நேராகக் கேட்டுவிட்டேன்.

"வர விருப்பமில்லையோ?"

"பயமா இருக்கக்கா."

"இப்ப ஒரு பயமும் இல்லை. எவ்வளவு பேர் வந்து போயினம்."

"அந்தப் பயம் இல்லை." அவள் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள். "இவ்வளவு காலமும் ஒவ்வொரு நாளும் படுக்கேக்க வீட்டுக்கு நடந்து வாறனான். பஸ்ஸால இறங்கி, வாய்க்கால் கட்டால நடந்து, படலையைத் திறந்து. உண்மையா வந்து பாத்தால் அது வேற மாதிரி இருக்கும்தானே? பேந்து நான் படுக்கேக்க எங்க போறது?"

வாய்க்கால் கட்டுக்குக் கொங்கிறீற் போட்டுவிட்டார்கள். பஸ் தரிப்பிடம் மாறிவிட்டது. தகரக் கொட்டில் இருந்த இடத்தில் கல்வீடு நிற்கிறது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். நான்தானே ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பினேன்.

"அம்மா அப்பிடியே இருக்கிறா," என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்து, "எந்த மாசம் வந்தால் எல்லாம் பச்சையா இருக்கும்?" என்று கேட்டாள்.

"மார்கழி. வயல் முழுக்கப் பச்சை. குளமும் நிரம்பியிருக்கும்."

மார்கழிக்கு ரிக்கெற் போட்டிருக்கிறாள். அம்மா அறையைக் கூட்டி, யன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறார். நான் விமான நிலையத்துக்குப் போக வாகனம் பேசிவிட்டேன். இத்தனை வருசமும் போனில் அவளுடைய முகத்தையும் கையையும்தான் பார்த்திருக்கிறேன். சிரிப்பாள், இலையைக் குறடால் பிடிப்பாள், தலையைச் சாய்ப்பாள். ஆனால் பத்தொன்பது வயதுக்குப் பிறகு அவள் நடந்து நான் பார்க்கவில்லை. குளிர் நாட்டில் தடித்த சப்பாத்தோடு நடந்து பழகியவள், பெட்டியைத் தள்ளிக்கொண்டு அந்தக் கதவால் வெளியே வரும்போது எப்படி நடந்து வருவாள் என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.